கடைக்கு வராத பாட்டுகள்

1969ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அமெரிக்க வானொலிகளில் ஒரு பாட்டு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. 'டைம் ஆஃப் தி சீசன்'. பாடியது 'தி ஜாம்பீஸ்' என்ற ஆங்கிலேயக் குழு. பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம், கேஷ் பாக்ஸ் பட்டியலில் முதலிடம். கச்சேரி வைக்க ஊர் ஊராக ஆட்கள் காத்திருந்தார்கள். மேடையேறத்தான் யாரும் இல்லை. குழு கலைந்து ஓராண்டு தாண்டிவிட்டது. அந்தப் பாட்டைப் பாடிய காலின் பிளன்ஸ்டோன், லண்டனில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குப் போய்விட்டார்.

ஆள் இல்லாவிட்டால் என்ன, பெயர் இருக்கிறதே! மிச்சிகன் மாநிலத்து நிறுவனம் ஒன்று போலி ஜாம்பீஸை உருவாக்கிக் கச்சேரிக்கு அனுப்பியது. ஒன்று போதாதென்று இரண்டு குழுக்கள். அவற்றில் ஒன்று டெக்சாஸில் ஆள் பிடித்துச் சேர்த்தது. அசல் குழுவில் ஐந்து பேர், இதில் நான்கே பேர். அசல் குழுவின் உயிரே கீபோர்டுதான். போலிக் குழுவில் கீபோர்டு வாசிக்க யாருமே கிடையாது. அசல் குழுவின் முகம் அவ்வளவாகப் பழக்கமில்லை என்பதால், எதிரில் நிற்பது யார் என்று கூட்டத்தில் பலருக்கும் தெரியவில்லை. அந்த நான்கு பேரில் இருவர் டஸ்டி ஹில், ஃபிராங்க் பியர்ட். ஒரு சில மாதங்களில் இருவரும் 'ஸீ ஸீ டாப்' குழுவுக்குப் போய், பிறகு சொந்தப் பெயரிலேயே உலகப் புகழ் பெற்றார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சும். இவ்வளவு பெரிய வெற்றிப் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து பேர் ஏன் கடையை மூடிவிட்டுப் போனார்கள்? அந்தப் பாட்டு இடம்பெற்ற 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பத்தை இன்று உலகின் மிகச் சிறந்த இசைத்தட்டுகளில் ஒன்றாக வைக்கிறார்கள். 2003இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை வெளியிட்ட 500 ஆல்பங்களின் பட்டியலில் அதற்கு 80ஆம் இடம். வெளிவந்த 1968இல் இங்கிலாந்தில் அதை வாங்க ஆளில்லை.

நமக்கு இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நம்மூரில் பாட்டுக்கு வாகனம் சினிமா. படம் பெட்டிக்குள் போனாலும் பாட்டு பிழைத்துக்கொள்ளும். வானொலியில் நேயர் விருப்பமாக வரும், டீக்கடையில் ஓடும், கோயில் திருவிழாக் குழாயில் கேட்கும். மேற்கத்திய ராக் குழுவுக்கு அந்த வாகனம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பாட்டை ஒரு தட்டில் வைத்து, அந்தத் தட்டைக் கடையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கடைக்கு வராத தட்டு பிறக்காத தட்டுதான். கவனிக்கப்படாமல் போன ஆல்பங்களின் கதையைத் தோண்டினால் ரசனைக் குறைவு பற்றிய புலம்பலைவிட, சரக்கு எங்கே நின்றுபோனது என்ற கணக்குதான் அதிகம் கிடைக்கிறது.

ஆயிரம் பவுண்டுக்கு ஓர் ஆல்பம்

லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ். பழைய தேவாலய ஊர். அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே பள்ளிப் பையன்களாகச் சேர்ந்தவர்கள் இவர்கள். கீபோர்டு ராட் ஆர்ஜென்ட், கிட்டார் பால் அட்கின்சன், டிரம்ஸ் ஹியூ கிரண்டி, பாட பிளன்ஸ்டோன். பாஸ் கிட்டாருக்குச் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தவர் கிறிஸ் ஒயிட். 1964இல் உள்ளூர்ப் போட்டி ஒன்றில் ஜெயித்தார்கள், டெக்கா நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. முதல் பாட்டே 'ஷீஸ் நாட் தேர்'. ஆர்ஜென்ட் எழுதியது. அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் புரூக்ளினில் ஃபாக்ஸ் தியேட்டரில் மேடையேறினார்கள். அடுத்த ஆண்டு 'டெல் ஹர் நோ' ஆறாம் இடம். அதன் பிறகு வறட்சி. பாட்டு மேல் பாட்டாக வெளியிட்டார்கள், எதுவும் ஓடவில்லை.

1967 மார்ச்சில் பிலிப்பைன்ஸுக்குக் கச்சேரிக்குப் போனார்கள். யாரோ நாலு பேர் வருவார்கள் என்று நினைத்துப் போனவர்களுக்கு விமான நிலையத்திலேயே கூட்டம். அங்கே அவர்கள் பாட்டுகள் தொடர்ந்து ஹிட்டாகிக்கொண்டிருந்ததை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. மணிலாவின் அரனெட்டா கொலீசியம் ஒவ்வொரு இரவும் நிரம்பி வழிந்தது. குழுவின் கைக்கு வந்தது சொற்பம். மீதி யார் பையில் இறங்கியது என்பது அந்தக் கால இசைத்தொழிலைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டிய விஷயமல்ல.

டெக்காவில் இருந்தபோது அவர்களுக்கு ஒரு மனக்குறை. நாம் நினைத்த சத்தம் தட்டில் வரவில்லை, தயாரிப்பாளர் கையில் போனதும் வேறு ஏதோ ஆகிவிடுகிறது என்று. கலையப்போகிறோம் என்பது ஏறக்குறைய உறுதியான நிலையில், ஒரு ஆல்பத்தையாவது நாமே தயாரித்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். சிபிஎஸ் நிறுவனம் 1,000 பவுண்டு கொடுத்தது. பீட்டில்ஸ் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்துக்கு மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் குடியிருந்த காலத்தில் இது கைச்செலவுக் காசு.

அந்த ஸ்டுடியோவுக்கேதான் இவர்களும் போனார்கள். அபி ரோடு. 1967 ஜூன் மாதம் வேலை தொடங்கியபோது பீட்டில்ஸ் தங்கள் ஆல்பத்தை முடித்து வெளியே போயிருந்தார்கள். பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் இவர்களுக்கும் வேலை பார்த்தார். ஜான் லெனன் விட்டுப்போயிருந்த மெலோட்ரான் ஓர் ஓரமாகக் கிடந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு ஓடும் கருவி அது. கட்டையை அழுத்தினால் அந்த டேப்பில் பதிந்திருக்கும் வயலினோ புல்லாங்குழலோ ஒலிக்கும். கொஞ்சம் ஈரமும் நடுக்கமும் கலந்த ஒலி. வயலின் குழுவை அழைக்கக் காசில்லாத ஆர்ஜென்ட் அந்தப் பெட்டியை விடவில்லை. ஆல்பம் முழுக்க ஒரு மங்கல் வெளிச்சம் படர்ந்திருப்பதாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கருவி.

காசு குறைவென்பதால் ஒத்திகையை வெளியிலேயே முடித்துவிட்டு, ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் மளமளவென்று பதிந்தார்கள். நடுவில் அபி ரோடு கிடைக்காத வாரங்களில் மூன்று பாட்டுகளை ஒலிம்பிக் ஸ்டுடியோவில் முடித்தார்கள். நவம்பரில் வேலை தீர்ந்தது. அப்போது சிபிஎஸ், ஸ்டீரியோ வடிவமும் வேண்டும் என்றது. பணம் தீர்ந்துவிட்டிருந்தது. ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் பாட்டெழுதிய ராயல்டியிலிருந்து 200 பவுண்டு போட்டு அதையும் செய்து கொடுத்தார்கள்.

அந்த ராயல்டியில்தான் குழுவின் விரிசலும் இருந்தது. பாட்டெழுதியவருக்கு ஒவ்வொரு தட்டு விற்கும்போதும் தனியாகக் காசு வரும். வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் பெரும்பாலும் கச்சேரிக் கூலிதான். ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். மற்ற மூவரும் சிரமத்தில் இருந்தார்கள். அட்கின்சனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, சம்பளம் வரும் வேலை வேண்டியிருந்தது. ராக் குழுக்கள் உடைவதற்கு ஆணவம், போதை, காதலி என்று ஆயிரம் காரணம் எழுதுவார்கள். இந்தக் குழு உடைந்ததற்குக் காரணம் வீட்டு வாடகை. 1967 டிசம்பரில் கீல் பல்கலைக்கழகத்தில் கடைசிக் கச்சேரி வாசித்துவிட்டுச் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்தார்கள். ஆல்பம் வெளிவந்தது 1968 ஏப்ரல் 19. தட்டு கடைக்கு வந்தபோது குழு இல்லை. கச்சேரி இல்லை, பேட்டி இல்லை, விளம்பரம் செய்ய நிறுவனத்துக்கும் ஆர்வமில்லை.

பன்னிரண்டு பாட்டு, முப்பத்தைந்து நிமிடம்

ஆல்பத்தின் முதல் பாட்டு 'கேர் ஆஃப் செல் 44'. பியானோ துள்ளிக்கொண்டு தொடங்குகிறது. காலை வெயில் போன்ற மெட்டு. காதலிக்கு எழுதும் கடிதம் என்பது இரண்டு வரியில் புரிந்துவிடும். அவள் இருப்பது சிறையில் என்பது புரியச் சற்று நேரமாகும். தண்டனை முடிந்து வரப்போகிறாள், அவளுக்காக அறையைத் தயார் செய்து வைத்திருக்கிறான். என்ன குற்றம் செய்தாள் என்பதைப் பாட்டு சொல்வதில்லை. மெட்டில் ஒரு துளி சோகம் கிடையாது. நடுவில் சட்டென்று வாத்தியங்கள் பின்வாங்கிவிட, வார்த்தையில்லாத குரல்கள் மட்டும் அடுக்கடுக்காக ஏறும் ஓர் இடம் இருக்கிறது. இவர்களில் சிலர் சிறுவயதில் தேவாலயக் குரலிசை கேட்டு வளர்ந்தவர்கள், ஆர்ஜென்ட் அங்கே பாடியும் இருக்கிறார். அந்தச் சில நொடிகளில் அது தெரியும். 1967 நவம்பரில் இதைத் தனிப்பாட்டாக வெளியிட்டார்கள். ஓடவில்லை. அது ஓடியிருந்தால் டிசம்பரில் பிரிந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

'எ ரோஸ் ஃபார் எமிலி' என்ற இரண்டாவது பாட்டில் பியானோவும் குரல்களும் மட்டும். வில்லியம் ஃபாக்னர் எழுதிய சிறுகதையின் தலைப்பு அது. பிளன்ஸ்டோனின் குரலை 'மூச்சுக் காற்று கலந்த குரல்' என்று எழுதி எழுதித் தேய்த்துவிட்டார்கள். எனக்கு அவர் குரலில் பிடித்தது வேறு. உணர்ச்சியைக் கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டாமல் நிறுத்துவார். தனியாகவே வாழ்ந்து முடிந்த பெண்ணைப் பற்றிய அந்தப் பாட்டில் ஒரு சொல்லைக்கூட அவர் அழுத்திப் பாடுவதில்லை. இந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்க முடியும் என்றால் நான் புகழ்பெற்ற பாட்டை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

'புட்சர்ஸ் டேல்' முதல் உலகப் போர்க்களத்தில் நிற்கும் ஒரு கசாப்புக்காரனின் வாக்குமூலம். எழுதிய கிறிஸ் ஒயிட்டே பாடினார். அவர் குரல் நடுங்கும். பயிற்சி இல்லாத குரல்தான் அந்தப் பாட்டுக்குச் சரி. துணைக்கு அழுது வழியும் ஒரு மிதி ஹார்மோனியம். 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மைன்' பாட்டில் பின்னணியில் தங்கள் நண்பர்கள், தோழிகளின் பெயர்களை ஜோடி ஜோடியாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்த ஜோடிகளில் பெரும்பாலோர் பின்னாளில் பிரிந்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

'டைம் ஆஃப் தி சீசன்' கடைசிப் பாட்டு. பாஸ் கிட்டார் ஒரு சின்ன வளைவு போடுகிறது, கைதட்டல் ஒன்று, பிறகு யாரோ மூச்சு விடும் சத்தம். இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வரும். இவ்வளவுதான் அஸ்திவாரம். மேலே ஆர்ஜென்ட்டின் ஆர்கன் இரண்டு முறை தனியாக ஓடி விளையாடும். பதிவு நடந்த அன்று பாட்டெழுதிய மை காயவில்லை. இப்படிப் பாடு, அப்படிப் பாடு என்று ஆர்ஜென்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து திருத்திக்கொண்டே இருக்க, அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து பாடு என்கிற அளவுக்குப் பிளன்ஸ்டோன் கொதித்துப்போனார். அவருக்குப் பாட்டும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அவருக்குச் சோறு போடப்போவது அந்தப் பாட்டுதான் என்று அன்று யாருக்குத் தெரியும்!

அட்டையை வரைந்தவர் ஒயிட்டின் அறைத்தோழர் டெர்ரி குவர்க். பூக்களும் வண்ணமுமாக அற்புதமான அட்டை. தலைப்பின் எழுத்துக்கூட்டலில் பிழை. கவனித்தபோது திருத்தக் காலம் கடந்துவிட்டது. அது வேண்டுமென்றே செய்ததுதான் என்று ஆர்ஜென்ட் பல வருடங்கள் எல்லோரிடமும் சாதித்தார். சொந்தக் குழுவினரே நம்பிவிட்டார்கள்.

ஒரு சுமை இசைத்தட்டு

செத்த ஆல்பத்தைப் பிழைக்க வைத்தவர் ஆல் கூப்பர். பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டில் ஆர்கன் வாசித்த அதே கூப்பர். 1968இல் அவர் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். லண்டன் போனவர் ஒரு சுமை இசைத்தட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். சுமார் 40 தட்டுகள். கேட்டதில் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸிடம் போய், இதன் உரிமை யாரிடம் இருந்தாலும் வாங்கிவிடுங்கள் என்றார். உரிமை ஏற்கெனவே நம்மிடம்தான் இருக்கிறது, வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம் என்றார் டேவிஸ். சிபிஎஸ் என்பது கொலம்பியாவின் வெளிநாட்டுக் கிளைதானே! கூப்பர் பிடிவாதம் பிடித்ததால் 'டேட்' என்ற துணை நிறுவனத்தின் பெயரில் அரைமனதாக வெளியிட்டார்கள்.

அதிலும் ஒரு கூத்து. முதலில் தனிப்பாட்டாக வெளியிட்டது 'புட்சர்ஸ் டேல்'. வியட்நாம் போர் நடக்கிறது, போர் எதிர்ப்புப் பாட்டு ஓடும் என்று கணக்கு. ஹார்மோனியத்தோடு நடுங்கும் குரலில் பிணவாடை வீசும் ஒரு பாட்டை வானொலியில் யார் போடுவார்கள்? யாரும் போடவில்லை. அதற்குப் பிறகுதான் 'டைம் ஆஃப் தி சீசன்' வந்தது. அதுவும் மெதுவாக, மாதக்கணக்கில் ஊர்ந்து ஏறி, 1969 மார்ச்சில் உச்சிக்குப் போனது. திரும்பச் சேர்ந்து அமெரிக்கா வாருங்கள் என்று பெரிய தொகை பேசினார்கள். ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் புதிய குழு தொடங்கும் வேலையில் இருந்தார்கள். மறுத்துவிட்டார்கள். அந்தப் புதிய குழுவான 'ஆர்ஜென்ட்' 1972இல் 'ஹோல்டு யுவர் ஹெட் அப்' பாட்டோடு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஐந்தாம் இடம் பிடித்தது. எனவே மறுத்ததைப் பெரிய முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது.

கிளைவ் டேவிஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

மெம்ஃபிஸில் ஒரு மளிகைக் கடை

அதே 1968இல் நடந்த இன்னொரு கதையை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். 'தி கிங்க்ஸ்' குழு 'வில்லேஜ் கிரீன்' ஆல்பத்தை இங்கிலாந்தில் வெளியிட்ட நாள் நவம்பர் 22. அன்றுதான் பீட்டில்ஸின் வெள்ளை அட்டை ஆல்பமும் வந்தது. வேறென்ன வேண்டும்? பட்டியலுக்குள்ளேயே நுழையாத அந்த ஆல்பம், இங்கிலாந்தில் ஒரு லட்சம் விற்றதற்கான தங்கத்தட்டு வாங்கியது 2018இல்.

மெம்ஃபிஸ் கதை வேறு விதம். அங்கே ஆர்டென்ட் என்றொரு ஸ்டுடியோ, உரிமையாளர் ஜான் ஃபிரை. இரவில் ஸ்டுடியோ காலியாக இருக்கும்போது இளைஞர்கள் வந்து பழகிக்கொள்ளச் சாவி கொடுத்து வைத்திருந்த மனிதர். அப்படி வந்தவர்கள் கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மெல், ஜோடி ஸ்டீஃபன்ஸ். பிறகு வந்து சேர்ந்தவர் அலெக்ஸ் சில்டன். இந்த சில்டன் 16 வயதில் 'பாக்ஸ் டாப்ஸ்' குழுவில் 'தி லெட்டர்' பாடி அமெரிக்காவில் முதலிடம் பார்த்துவிட்டவர். 20 வயதில் எல்லாம் சலித்துப்போய் ஊர் திரும்பியிருந்தார். குழுவுக்குப் பெயர் வேண்டும். ஸ்டுடியோவுக்கு எதிரே 'பிக் ஸ்டார்' என்றொரு மளிகைக் கடை. பெயர் வைத்தாகிவிட்டது. ஆல்பத்துக்கு '#1 ரெக்கார்டு' என்று வைத்தார்கள். பட்டியலில் முதலிடம் பிடிக்கும் என்ற நம்பிக்கை, கொஞ்சம் கிண்டல்.

1972இல் வந்தது. விமரிசகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பெல்லும் சில்டனும் பீட்டில்ஸை மனப்பாடம் செய்தவர்கள். கணீரென்ற கிட்டாரும் அடுக்குக் குரல்களுமாக மூன்று நிமிடப் பாட்டுகள். 'தர்ட்டீன்' என்ற பாட்டில் ஒரு கிட்டார், இரண்டு குரல், அவ்வளவுதான். பள்ளிக்கூட வயதுக் காதல். அந்த வயதுப் பையனின் கூச்சத்தை இவ்வளவு சரியாகப் பிடித்த வேறு ராக் பாட்டை நான் கேட்டதில்லை. பத்திரிகையில் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. ஆர்டென்டின் தட்டுகளை விநியோகித்தது ஸ்டாக்ஸ். கறுப்பினத்தவரின் 'சோல்' எனும் ஆன்ம இசைக்குப் பேர்போன நிறுவனம், அதன் ஆட்களுக்கு ராக் கடைகளோடு பெரிய பழக்கமில்லை. விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு.

அந்த ஆண்டு கடைசியில் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியாவிடம் ஒப்படைத்தது. ஒப்பந்தம் போட்டவர் நமது கிளைவ் டேவிஸ். நாடு முழுக்கக் கடைகளில் சரக்கு நிறையும் என்று எல்லோரும் நம்பினார்கள். பழைய சிறு விநியோகஸ்தர்கள் கழற்றிவிடப்பட்டார்கள். புதிய ஏற்பாடு சரியாக வேர் பிடிப்பதற்குள், 1973 மே மாதம் டேவிஸைக் கொலம்பியா வேலையை விட்டே அனுப்பிவிட்டது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு ஸ்டாக்ஸ் மேல் அக்கறையில்லை. சரக்கு கிடங்கில் தூங்கியது. அதே மே மாதம் மெம்ஃபிஸில் ராக் விமரிசகர்கள் மாநாடு ஒன்று நடந்தது. பெல் விலகியிருந்ததால் மீதி மூவர் மேடையேறினார்கள். எதற்கும் அசையாத பத்திரிகைக்காரர்கள் எழுந்து ஆடினார்களாம். அந்த உற்சாகத்தில்தான் அடுத்த ஆல்பத்தையே செய்தார்கள்.

1974 பிப்ரவரியில் 'ரேடியோ சிட்டி'. இந்த முறையும் பாராட்டு மழை, இந்த முறையும் கடையில் இல்லை. சுமார் இருபதாயிரம் தட்டுகளோடு நின்றது. மூன்றாவது ஆல்பத்தை அந்த ஆண்டே பதிந்தார்கள். குழு என்று சொல்லச் சில்டனும் ஸ்டீஃபன்ஸும் மட்டும் மிச்சம். இடிந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிப்பது போன்ற இசை. நிறுவனம் நிறுவனமாகக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள், எடுக்க ஆளில்லை. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலானது. அந்த மூன்றாம் ஆல்பம் வெளிவந்தது 1978இல். கிறிஸ் பெல் அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று கார் விபத்தில் இறந்தார், வயது 27. அவர் தனியாகப் பதிந்து வைத்திருந்த பாட்டுகள் ஆல்பமாக வந்தது 1992இல்.

சில்டன் எண்பதுகளில் நியூ ஆர்லியன்ஸில் பாத்திரம் கழுவினார். அதே காலத்தில் ஆர்.இ.எம். குழுவினர் பேட்டிக்குப் பேட்டி பிக் ஸ்டார் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'ரீப்ளேஸ்மென்ட்ஸ்' குழு 1987இல் 'அலெக்ஸ் சில்டன்' என்றே ஒரு பாட்டு வெளியிட்டது. 1998இல் வந்த 'தட் செவன்ட்டீஸ் ஷோ' தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டு பிக் ஸ்டாருடையது, பாடியது வேறு ஆட்கள். தொடர் ஒவ்வொரு முறை ஒளிபரப்பாகும்போதும் தனக்கு 70 டாலர் வருகிறது, தொடரின் பெயருக்கு அது பொருத்தம்தான் என்று சில்டன் ஒரு பேட்டியில் சிரித்தார். 2010 மார்ச் 17 அன்று மாரடைப்பில் இறந்தார். மூன்று நாள் கழித்து ஆஸ்டின் இசை விழாவில் பிக் ஸ்டார் கச்சேரி இருந்தது. அதை அஞ்சலிக் கூட்டமாக நடத்தினார்கள். நான்கு மாதத்தில் ஹம்மெலும் போய்விட்டார். இருப்பவர் டிரம்மர் ஸ்டீஃபன்ஸ் மட்டும். அவர் அதே ஆர்டென்ட் ஸ்டுடியோவில்தான் பல்லாண்டு வேலை பார்த்தார்.

பெயரை மாற்ற மாட்டேன்

கொலம்பியாவை விட்டுப் போன டேவிஸ் மூன்றாவது முறையாக வருகிறார். டெட்ராய்ட் நகரத்தில் ஹேக்னி சகோதரர்கள் மூவர்: டேவிட், பாபி, டேனிஸ். கறுப்பினப் பையன்கள் ஆன்ம இசைதான் வாசிக்க வேண்டும் என்று ஊரே எதிர்பார்த்தபோது, பங்க் என்ற பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே அந்த வேகத்தில் ராக் வாசித்தவர்கள். குழுவின் பெயர் 'டெத்'. தந்தை விபத்தில் இறந்த பிறகு மூத்தவர் டேவிட் வைத்த பெயர். 1975இல் 12 பாட்டுக்குத் திட்டமிட்டு 7 பாட்டு பதிந்திருந்த நிலையில், பெயரை மாற்றுங்கள் என்று, பதிவுக்குப் பணம் கொடுத்துவந்த டேவிஸ் கேட்டதாகவும், மறுத்ததால் பணம் நின்றதாகவும் சகோதரர்கள் சொல்கிறார்கள். அவர்களாகவே 500 தட்டு அடித்துப் பார்த்தார்கள். போகவில்லை. தம்பிகள் இருவரும் வெர்மான்ட்டில் குடியேறி ரெக்கே வாசிக்கப் போய்விட்டார்கள். உலகம் ஒருநாள் இதைத் தேடி வரும், பத்திரமாக வை என்று சொல்லி மூல நாடாக்களைப் பாபியிடம் கொடுத்துவிட்டு, 2000இல் டேவிட் புற்றுநோயில் இறந்தார். அப்பாவின் பழைய குழுவைப் பற்றிப் பாபியின் பிள்ளைகளுக்கே தெரியாது. சேகரிப்பவர்களிடையே சுற்றிய அந்த 500 தட்டுகளில் ஒன்றின் வழியாக அவர்கள் காதுக்கு எட்டியது. 2009இல் டிராக் சிட்டி நிறுவனம் அந்த 7 பாட்டையும் வெளியிட்டது.

டேவிஸை வில்லனாக்க இந்தக் கதைகளைக் கோக்கவில்லை. அவர் காது நல்ல காதுதான். இல்லாவிட்டால் இந்த மூன்று கதைகளுக்குள்ளும் அவர் வந்திருக்கவே மாட்டார். எவ்வளவு நல்ல காதுக்கும் மேலே ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது என்பதுதான் விஷயம். கூப்பர் போன்ற ஒரு பிடிவாதக்காரர் அந்தப் புத்தகத்துக்குக் குறுக்கே வந்து விழுந்தால் ஓர் ஆல்பம் பிழைக்கிறது. பிக் ஸ்டாருக்கு அப்படி யாரும் அமையவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'தொலைந்துபோன காவியம்' என்பது இன்று ஒரு விற்பனை முத்திரை. பழைய நாடா எதை எடுத்தாலும் தூசி தட்டி, தடித்த அட்டை போட்டு, இரட்டை விலைக்கு விற்கிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் தொலைந்தே இருந்திருக்கலாம். பிக் ஸ்டாரின் மூன்றாவது ஆல்பத்தைக்கூட ஒரு மனிதனின் சரிவை வேடிக்கை பார்க்கும் ஆர்வத்தில்தான் பலர் உயர்த்திப் பிடிக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் இரண்டும் எந்தக் கதையும் தெரியாமல் கேட்டாலே போதும், நிற்கும். ஜாம்பீஸ் ஆல்பமும் அப்படித்தான்.

அந்த ஆல்பத்துக்கு நல்ல காலம் வந்தது மெதுவாகத்தான். அட்கின்சன் பின்னாளில் இசை நிறுவனங்களில் புதிய குழுக்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் பேர் வாங்கி, 2004இல் இறந்தார். மீதி நால்வரும் 2008 மார்ச்சில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில் முழு ஆல்பத்தையும் முதன்முறையாக மேடையில் வாசித்தார்கள். 1967இல் பதிந்ததும் கலைந்துவிட்டதால் அந்தப் பாட்டுகளில் பலவற்றை அவர்கள் மேடையில் வாசித்ததே இல்லை. 2019இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். விழா நடந்தது புரூக்ளினில், 1964இல் அவர்கள் அமெரிக்காவில் முதன்முதலாக மேடையேறிய அதே வட்டாரம். 2024இல் பக்கவாதம் வந்து ஆர்ஜென்ட் கச்சேரிப் பயணங்களை நிறுத்திக்கொண்டார்.

இப்போது கடை, கிடங்கு, விநியோகஸ்தர் என்ற தொல்லை இல்லை. இந்த ஆல்பங்கள் எல்லாமே செல்பேசியில் கிடைக்கின்றன. ஆனால் ஜாம்பீஸ் என்று தேடினால் செயலி நம்மை நேராக 'டைம் ஆஃப் தி சீசன்' பாட்டில் கொண்டுபோய் விடும், அது முடிந்ததும் வேறு யாருடைய பாட்டுக்கோ தாவிவிடும். அதை அனுமதிக்காதீர்கள். 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பத்தை எடுத்து, மோனோ பதிவு கிடைத்தால் அதையே எடுத்து, வரிசை மாற்றும் பொத்தானை அணைத்துவிட்டு, 'கேர் ஆஃப் செல் 44' பாட்டிலிருந்து தொடங்குங்கள். பிடித்திருந்தால் அடுத்தது 'ரேடியோ சிட்டி'.